கண்ணாயி ஊட்டு அறுபத்து நாலு யூனிட்

"உங்கம்மா இன்னும் டி.வி. பாக்குது கண்ணு" என்றார் சென்றாயன், டீயை ஆற்றிக்கொண்டே.

சங்கீதா டம்ளரை வாங்கவில்லை.

அவள் அம்மா கண்ணாயி செத்து மூன்று வருஷம். அன்றைக்குப் பூட்டிய வீடு. சாவி சங்கீதாவின் இடுப்பில். ஆனாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவள் செல்போனுக்கு மெசேஜ் வந்துவிடும். அறுபத்து நாலு யூனிட். நூறுக்குள் என்பதால் தொகை பூஜ்யம். காசு கேட்காத பில்லைப் பார்த்து யாருக்காவது குலை நடுங்குமா? அவளுக்கு நடுங்கியது.

திருப்பூரில் மில் வேலை போய்விட்டது. இனி இந்த வீடுதான் கதி. புருஷன் முரளி, சாமான் ஏற்றிய மினி லாரியும் பிள்ளைகளுமாக அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில் நிற்கிறான்.

"மேல போயி பாத்துட்டு போன் பண்ணு. ஊட்டுல எதாச்சும் இருக்குதுன்னா வண்டிய இப்பிடியே திருப்பிருவேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தான். திருப்பி எங்கே போவது என்று அவனுக்கும் தெரியாது.

"எங்காச்சும் ஒயர் லீக் ஆவுமில்லீங்ண்ணா?" என்று சென்றாயனிடம் கேட்டாள்.

மலைமேல் வளப்பூர் நாட்டில் அந்தப் பக்கத்துக்கு டீக்கடையும் சென்றாயன்தான், ஒயரிங்கும் சென்றாயன்தான். மற்றவர்களுக்குக் காதில் பீடி இருக்கும் இடத்தில் அவருக்கு டெஸ்டர் இருக்கும்.

"லீக்குன்னா ஒரு தடவ கூடும், ஒரு தடவ குறையும். இது மழைக்கும் அறுபத்து நாலு, வெயிலுக்கும் அறுபத்து நாலு. உங்கம்மா கொழம்புக்கு உப்புப் போட்டா என்னிக்காவது அளவு தப்பிருக்குதா?"

பெஞ்சில் ரமேஷ்குமார் உட்கார்ந்திருந்தார். மீட்டர் ரீடிங் எடுக்கிறவர், கீழே சமவெளி ஆள்.

"நம்பர் பொய் சொல்லாதுங்க" என்றார். "அந்த மீட்டர்கிட்டப் போயி குனிஞ்சா, பொடனியில ஆரோ மூச்சு உடற மாதிரி இருக்கும்."

"எழுபது கொண்டை ஊசி வளைவு தாண்டி வெளியூர்ப் பேய் எதுவும் மேல வராது. தலை சுத்திரும். இது உள்ளூருதான்" என்ற சென்றாயன், பிஸ்கட் அட்டையைக் கிழித்துப் பென்சிலை எடுத்தார். "ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடுனா ஒரு யூனிட்டு. ஊட்டுல என்னென்ன இருக்குது, சொல்லு."

"அறுபது வாட் குண்டு பல்பு ஒண்ணு. ஆறு மணிக்குப் போட்டா அம்மா பதினொண்ணுக்குத்தான் அமத்தும்."

"அஞ்சு மணி நேரம். ரெண்டு மாசத்துக்குப் பதினெட்டு. அப்புறம்?"

"பழைய டி.வி. தெனமும் நாலு மணி நேரம் சீரியல்."

"எழுபது வாட்டுன்னா பதினேழு. ஆச்சு முப்பத்தஞ்சு. கிரைண்டரு, மிக்சி ரெண்டுக்கும் ஒரு அஞ்சு போடு. நாப்பது." பென்சில் நின்றது. "இன்னும் இருபத்து நாலு இருக்குதே. அயர்ன் பாக்ஸா இருக்குமோ? வெள்ளச் சேல கசங்காம இருக்கோணுமே."

யாரும் சிரிக்கவில்லை.

"டேபிள் ஃபேன்" என்றாள் சங்கீதா.

"இந்தக் குளுருக்கா?"

"அப்பன் போனதுக்கப்புறம் அதப் போட்டுக்கிட்டுத்தான் அம்மா தூங்கும். காத்துக்கு இல்லீங்ண்ணா, சத்தத்துக்கு. சத்தம் இல்லீன்னா ஊடு பேசற மாதிரி இருக்குதுன்னு சொல்லும்."

"அம்பது வாட். ராத்திரிக்கு எட்டு மணி நேரம். அறுபது நாளு." எழுதினார். எழுதிய கை அட்டையிலேயே கிடந்தது. "இருபத்து நாலு."

கூட்டினால் அறுபத்து நாலு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. அம்மா வாழ்ந்த வாழ்க்கை முழுசாக அந்த பிஸ்கட் அட்டையில் இருந்தது.

ரமேஷ்குமார் எழுந்தார். "நான் வாரேனுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"இன்னிக்கு ரீடிங் எடுக்கற நாளுதானுங்களே சார்? வாங்க, என் கண்ணு முன்னால எடுங்க" என்றாள் சங்கீதா.

வீட்டுக்கு ஏறும் மேட்டில் பட்டப்பகலிலேயே பனிமூட்டம். தடத்தைப் புல் மூடியிருந்தது. வாசலுக்கு இருபது அடி இருக்கும்போது அது கேட்டது.

விர்ர்ர்ர்.

வீட்டிலிருந்துதான். ஏறாமல், இறங்காமல், ஒரே சீராக. மூன்று பேரும் நின்றுவிட்டார்கள்.

"அம்மா" என்றாள் சங்கீதா, தன்னை அறியாமல்.

கையிலிருந்த போன் அடித்தது. முரளி. "என்ன புள்ள, ஊட்டுல ஆராச்சும் இருக்குதா?"

அவள் போனைக் காதில் வைத்தபடியே நடந்தாள். பின்னாலேயே சென்றாயன். சத்தம் வீட்டுக்குள்ளிருந்து இல்லை. பக்கத்துச் சுவரில், மீட்டர் பெட்டியிலிருந்து வந்தது. சென்றாயன் டெஸ்டர் முனையால் மூடியை மெல்ல நெம்பினார்.

உள்ளே மீட்டர் தெரியவில்லை. அடை அடையாய்த் தேன்கூடு. மேலே கறுப்பாய் ஊர்ந்துகொண்டு தேனீக்கள்.

"இது நேத்து வந்த குடித்தனம் இல்ல கண்ணு" என்றவர் அண்ணாந்து பார்த்தார். சுவருக்கு ஒயரே வரவில்லை. முறிந்த பலாக்கிளைக்கு அடியில் அது அறுந்து கிடந்தது. அதன்மேல் மிளகுக்கொடி விரல் தடிமனுக்குப் படர்ந்திருந்தது.

"கரண்டே இல்ல. இது அறுந்து மூணு மழக்காலம் ஆயிருக்கும்."

சங்கீதாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "தேனீதானுங்க இருக்குது" என்றாள் போனில். "வண்டிய ஏத்திக்கிட்டு வாங்க."

சென்றாயன் மெதுவாகத் திரும்பினார். ரமேஷ்குமார் அந்த இருபது அடியிலேயே நின்றிருந்தார்.

"ஏனுங்க சார், அப்ப அந்த அறுபத்து நாலு?"

"ஏற முடியாத ஊட்டுக்கு முந்தின கணக்கையே போட்டு உட்டுருவோமுங்க. அந்தம்மா உசுரோட இருக்கறப்ப நான் கடைசியா எடுத்தது அறுபத்து நாலு."

"மூணு வருஷமாவா? இந்த மேட்ட ஏற உங்களுக்கு என்ன கேடு?"

ரமேஷ்குமார் வீட்டை ஒருமுறை பார்த்தார். ஒரு அடிகூட முன்னால் வைக்கவில்லை.

"மொதத் தடவ மழைங்க" என்றார். "அதுக்கப்புறம் பேய்க்குப் பயந்துதானுங்க."