ஒரு நூல் கூடுதல்

"இடது காதுக்கு மேல முடி ஒரு நூல் கூடுதலா இருக்கே!"

என் புது சலூனில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்.

"சரி பண்ணிடறேங்க" என்று கத்தரியை எடுத்தேன்.

"இப்ப வலது பக்கம் தூக்கிட்டு நிக்குது."

அதையும் குறைத்தேன். பிறகு உச்சி, பிடரி, மறுபடியும் இடது காது.

பெஞ்சில் இருந்த அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "கண்ணாடியை எங்க மாட்டறதுன்னு முடிவு பண்ணவே மாசக்கணக்காச்சு உனக்கு! மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? போதும், விடுடா!"

"குறையே இருக்கக் கூடாதுண்ணா" என்றேன். வந்தவரிடம், "கொஞ்சம் தலையைக் குனிஞ்சுக்கோங்க" என்று அவர் தலையில் மெஷினை ஓட்டினேன்.

நிமிர்ந்தவர் கண்ணாடியில் தன் மொட்டைத் தலையைப் பார்த்து அலறினார். "டேய்! என்னடா இது?"

"இப்ப சமமா இருக்குங்களா, மாஸ்டர்? நாளைக்கு உங்க சலூன் போர்டுக்கு உங்களைத்தான் போட்டோ எடுக்கறாங்களாமே!"

அவரிடம் வேலை பார்த்தபோது, நான் வெட்டிய ஒவ்வொரு தலையிலும் அந்த ஒரு நூலைக் கண்டுபிடித்து, எல்லார் முன்னாலும் கத்தரியைப் பிடுங்கியவர் அவர்.

இன்று முதல் வெட்டிலேயே சமமாகத்தான் இருந்தது. அன்றும் அப்படித்தான். அது அவருக்கு எப்போதுமே தெரியும்.

எனக்கு இன்றுதான் தெரிந்தது.