மச்சான் வராத கூட்டம்

"இன்னிக்கு ஒரு நாள் உன் தம்பியை வீட்டுலயே பிடிச்சு வை," என்றார் சங்கத் தலைவர், சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

"கட்டியா போட முடியும்?" என்றாள் மனைவி.

"கூரை ஒழுகுதுன்னு ஏத்தி விடு. ஏறினதும் ஏணியை எடுத்துடு."

தலைவரின் வயிற்றெரிச்சல் அப்படி. ஏழு சுரங்கங்களுக்கும் சேர்த்து ஒரே சங்கம், சுரங்கத்துக்கு ஒரு பிரதிநிதி. யாரும் எதிர்க்காவிட்டால் தீர்மானம் அன்றைக்கே முடிவு. ஒரே ஒருவர் எதிர்த்தாலும் போச்சு. ஏழு சுரங்க வாசலிலும் படித்துக் காட்டி, தொழிலாளிகள் அத்தனை பேரிடமும் ஓட்டு வாங்க வேண்டும்.

அந்த ஒரே ஒருவன் எப்போதும் அவர் மைத்துனன்தான். மற்ற ஆறு பேரும் அவனை வாயில் வந்தபடி வைவார்கள். மேனேஜர் கோபிப்பார் என்று பயமுறுத்தினாலோ, "இருக்கிறதுலயே ஆழமான சுரங்கத்துல, அடித்தட்டுல வெட்டுறேன். இதுக்கும் கீழே என்னை எங்கே அனுப்புவாராம்?" என்பான்.

இன்றைய தீர்மானம் மேனேஜர் கேட்டது. சுரங்கத்துக்குள் கூண்டு லிஃப்டில் இறங்கி ஏறுகிற நேரம் இனி வேலை நேரத்தில் சேராது. நாற்காலி போட்டு உட்காரவைத்து, தோளில் கை போட்டு அவர் கேட்டபோது, முடியாது என்று சொல்லத் தலைவருக்கு வாய் வரவில்லை. முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

கூட்டம் தொடங்கியது. தீர்மானத்தைப் படித்தார். "ஏத்துக்கிறவங்க கை தூக்கலாம்."

ஒரு கையும் எழவில்லை. ஆறு பேர் கண்ணும் காலி நாற்காலியிலேயே இருந்தது.

"சரி, எதிர்க்கிறவங்க?"

அதற்கும் இல்லை. யாருக்கோ இருமல் வந்தது.

"உங்க மச்சான் வரலையா தலைவரே?" என்றார் கூண்டு இயக்குகிறவர்.

"வராததுதானே நல்லது? சட்டுனு தூக்குங்க."

"இல்ல... அவர் எதிர்ப்பார்ங்கிற தைரியத்துலதான் நான் எப்பவும் சம்மதிக்கிறது."

"நீயுமா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

பூனைக்குட்டி ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கூட்டத்துக்கு முன்னால் ஆளாளுக்குத் தனியாகப் போய், 'நீ எதிர்த்துடு, நான் வையுற மாதிரி வையுறேன்' என்று அவன் கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டு வருவார்களாம். மேனேஜரையும் பகைக்க வேண்டாம், சொந்த ஆட்கள் வயிற்றிலும் அடிக்க வேண்டாம். இந்த யோசனை தனக்கு மட்டும்தான் தோன்றியதென்று ஆறு பேருமே நினைத்திருந்தார்கள்.

தலைவர் தீர்மானத்தை இன்னொரு முறை பார்த்தார். எதிர்ப்பு இல்லையென்றால் தீர்மானம் நிறைவேறியதாகவே கணக்கு. தலைவர் ஆகும்வரை அவரும் அதே கூண்டில் நசுங்கிக்கொண்டு இறங்கியவர்தான். போனை எடுத்தார்.

"உன் தம்பியை உடனே அனுப்பு."

"அவன் வர மாட்டானாம்," என்றாள் மனைவி. "நீங்க கூப்பிட்டா சொல்லச் சொன்னான். 'எல்லாருக்காகவும் நானே கெட்ட பேர் வாங்கியாச்சு. இந்த ஒரு தடவை மாமா வாங்கட்டும்'னு."

தலைவர் போனை வைத்தார். சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். பிறகு, கூச்சத்தோடு, எதிர்ப்புக்குத் தன் கையைத் தானே தூக்கினார்.

மறு நொடியே ஆறு பேரும் பெருமூச்சு விட்டு, நிம்மதியாக அவரை வையத் தொடங்கினார்கள்.