பதினொரு மணிக்குக் கடைசி மணி

"அப்பா, அந்த மாமா வந்ததும், நீங்க மணியடிச்ச கதையச் சொல்லணும். அவரும் பக்கத்துல இருந்து கேட்கணும்" என்றாள் மகள்.

லிஃப்ட் மெக்கானிக் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டான்.

"அதெல்லாம் எதுக்கும்மா? பசியோட வருவான். சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

"பசிச்சவங்க கதை கேட்கக் கூடாதா?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்தே. "உங்க பள்ளிக்கூடத்து ஆளுன்னு இத்தனை வருஷத்துல இப்பதான் ஒருத்தர் வர்றார்."

கதை இதுதான். ஏழு வயதில் ஒரு நாள், வீட்டுக்குப் போகும் ஆசையில், காலை பதினொரு மணிக்கே பள்ளிக்கூடத்துக் கடைசி மணியை அடித்துவிட்டான் ஒரு பையன். முந்நூறு பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார்கள். ஒற்றைச் செருப்போடு துரத்திக்கொண்டு ஓடினார் தலைமையாசிரியர். மறுநாள் எல்லார் முன்னாலும் பிரம்படி. அன்றிலிருந்து பையனின் பெயர் டிங்டாங்.

மெக்கானிக் வாயில்லாப் பூச்சி. நாலு பேர் கூடினால் கையை எங்கே வைத்துக்கொள்வதென்றே அவனுக்குத் தெரியாது. ஒருமுறை ஓர் அலுவலகக் கட்டடத்தில், மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அவள் பயப்படாமல் பார்த்துக்கொள்ள ஏதாவது பேசியாக வேண்டும். கதவிடுக்கில் வாயை வைத்து இந்தக் கதையைச் சொன்னான். அழுகை நின்று, சிரிப்புக் கேட்டது. அந்தப் பெண்தான் இப்போது அடுப்படியில் நிற்கிறாள். இன்றுவரை வீட்டில் அவன் செல்லப்பெயரும் டிங்டாங்தான்.

சங்கடம் ஒன்றே ஒன்று. அவன் மனசறிய, மணியடித்தது அவன் இல்லை. இப்போது மாடிப்படி ஏறி வந்துகொண்டிருக்கிற சிநேகிதன். அந்தச் சமயத்தில் மெக்கானிக் காய்ச்சலில் கிடந்தான். பத்து நாள் கழித்து வகுப்புக்குப் போனபோது மற்றப் பிள்ளைகள் சொல்லித்தான் அவனுக்கே தெரியும்.

சிநேகிதன் வந்தான். முன்மண்டை வழுக்கை, அதே தெற்றுப்பல். வேலை மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறதாம். உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டான்.

"நம்ம கணக்கு வாத்தியார் தும்மினா தெருக்கோடி வரைக்கும் கேட்குமே, ஞாபகம் இருக்காடா?"

"ம்... இருக்கு. வீடு எங்க பார்த்திருக்க? தண்ணி வசதியெல்லாம் எப்படி?"

"அது கிடக்கு. நீ மைப்புட்டிய மடியில கவுத்துக்கிட்டு..."

"குழந்தைங்களுக்கு ஸ்கூல்ல இடம் கிடைச்சிருச்சா?"

எந்த ஞாபகம் எந்தப் பக்கம் போய் முட்டுமோ என்று மெக்கானிக்குக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது. சிநேகிதனைப் பழைய பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று நாக்கை வேறு கட்டிப் போட்டிருந்தான்.

"டிங்டாங், அந்தத் தண்ணி ஜாடிய எடுத்துட்டு வாங்க" என்று மனைவி குரல் கொடுத்தாள்.

"என்ன?" என்று இரண்டு பேருமே திரும்பினார்கள்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமா, அது எங்கப்பாவோட பட்டப்பேரு. எப்படி வந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியும்தானே?"

சிநேகிதன் மெக்கானிக்கைப் பார்த்தான். அந்தப் பார்வையில் என்ன இருந்ததென்று பிடிபடவில்லை.

"தெரியும்மா. ஆனா உங்கப்பா சொல்லி நான் கேட்டதில்ல. சொல்லுடா."

வேறு வழியில்லை. சொன்னான். வழக்கமாகச் சிரிக்க வைக்கும் இடங்களையெல்லாம் அவசர அவசரமாகத் தாண்டினான். "கடைசியில ஆறு அடி" என்று எப்படியோ முடித்துவிட்டு, தரையைப் பார்த்தான்.

"ஏழு" என்றான் சிநேகிதன். "ஏழாவது அடியில பிரம்பு ஒடிஞ்சுபோச்சு."

"அண்ணனுக்கு எவ்வளவு ஞாபகம் பாருங்க" என்று மனைவி வியந்தாள்.

சாப்பாடு முடிந்து, பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிடுகிறேன் என்று மெக்கானிக்கும் கூடவே இறங்கினான். தெருமுனை வந்தது. அங்கே நின்றுவிட்டான்.

"என்னை நாலு திட்டு திட்டிடுடா. உன் கதைய எடுத்து என்னோடதுன்னு சொல்லி, கல்யாணமே பண்ணிக்கிட்டேன். அடி வாங்கினது நீ. பேர் வாங்கினது நான். வீட்டுல உண்மையச் சொல்லிடட்டுமா? சொன்னா அவ என்ன நினைப்பாளோ தெரியல."

சிநேகிதன் அவன் தோளில் கை போட்டான்.

"அன்னைக்கு நீ ஸ்கூலுக்கே வரலன்னா நினைச்சுக்கிட்டிருக்க?"

"காய்ச்சல்ல கிடந்தேனேடா."

"வந்தடா. உட்கார்ந்த இடத்துலயே உடம்பு அனலாக் கொதிச்சுது. அம்மாகிட்டப் போகணும்னு எழுந்து போயிட்ட. நான் பின்னாலயே ஓடி வர்றதுக்குள்ள கயித்தப் புடிச்சு இழுத்துக்கிட்டிருந்த. அப்படியே சுருண்டு விழுந்த. எல்லாரும் வாசலப் பார்த்து ஓடினாங்க, உன்ன யாரும் கவனிக்கல. உன் கைய விடுவிச்சு, கயித்த நான் வாங்கினேன். அந்த நேரம் பார்த்து வந்த ஹெட்மாஸ்டர் கயித்தோட நின்ன என்னத்தான் பார்த்தார்; நீ காய்ச்சல்ல மயங்கிட்டன்னு வீட்டுக்கு அனுப்பி வச்சார்."

மெக்கானிக் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான்.

"நீ திரும்பி வந்தப்ப உனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. நானும் சொல்லல" என்றான் சிநேகிதன். "அது உன் கதைதான்டா. இவ்வளவு நாளா நான்தான் வச்சுக்கிட்டிருந்தேன்."