ரூபன் பெயரில் போன எச்சில்

ரூபனுக்கு இருதய ஆபரேஷன் செய்ய மாட்டார்கள் என்று தெரிந்ததும், அவன் அம்மா மெர்லின் நேராகப் பவுலின் வீட்டுக்கு ஓடிவந்தாள். மரபணு முகாமில் தெருப் பிள்ளைகளிடம் எச்சில் எடுத்தவள் பவுலின்தான்.

“எக்கா, மரபணுப்படி ரூபன் முப்பது வயசத் தாண்ட மாட்டானாம், ஆபரேஷனுக்குச் செலவு பண்றது வீணாம். எங்க வம்சத்துலயே அப்படி யாரும் கெடையாதுக்கா.”

“எங்க போய்க் கேட்ட?”

“அறக்கட்டளையில கேட்டா, முகாம் நடத்துனது மட்டுந்தான் நாங்கன்னாவ. ஆய்வகத்துல, படிச்சுச் சொன்னது மட்டுந்தான்னாவ. கொள்கைக் குழுவுல, விதி மட்டுந்தான் எங்களுதுன்னாவ. மூணு எடத்துச் சுவத்துலயும் ஒரே ஆளு படந்தான் சிரிக்குது. எச்சில் மாறிட்டுன்னு எடுத்தவங்களே சொல்லணுமாம், யாரோடதுன்னும் சொல்லணுமாம். அப்பதான் மறுபடி பாப்பாவளாம்.”

பவுலினுக்கு அந்த முகாம் நாள் நினைவுக்கு வந்தது. அன்று ரூபன் காய்ச்சலில் வாயைத் திறக்கவே இல்லை. முகாமை முடிக்கிற அவசரத்தில், தன் மகள் ஆன்சியின் எச்சிலை அவன் பெயரில் அனுப்பிவிட்டாள். முகாம் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் சோதனை வரவில்லை; ஆன்சி பெயரில் எந்த முடிவும் பதிவாகவில்லை.

“நீங்க சரியாத்தானக்கா எடுத்தீங்க?”

வாசலில் ஆன்சி மூச்சு வாங்க ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்தாள்.

“சரியாத்தான் எடுத்தேன்” என்றாள் பவுலின். பிறகு வாசல் பக்கம் திரும்பி, “ஆன்சி, குதிச்சது போதும். உள்ள வந்து உக்காரு” என்றாள்.