காய்ச்சி வடித்த தண்ணீர்

தண்ணீர்த் திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று கிருபாநிதி முடிவு செய்துவிட்டார்.

அவர் தூத்துக்குடியில் கெமிஸ்ட்ரி பேராசிரியர். டாக்டர் பட்டத்துக்காக, தண்ணீரில் ஊறி உப்பிய பாலிமர் துகள்களோடு இரண்டு வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத துகள்கள், ஆனால் கோபக்காரத் துகள்கள். சூடேறினால் சுருங்கும். அந்த நேரம் தண்ணீரில் உப்பும் இருந்துவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். உப்பில்லாத தண்ணீரில் எவ்வளவு சூடேற்றினாலும் ஒட்டக் கூடாது. அதைத்தான் அவர் நிரூபிக்க வேண்டும்.

மூன்று மாதமாக உப்பில்லாத தண்ணீரிலும் ஒட்டிக்கொண்டே இருந்தது.

காய்ச்சி வடித்த தண்ணீர் பாட்டிலைச் சோதித்தார். உள்ளே இருந்தது கிணற்று உப்பு. அந்த பாட்டிலைத் தொடுகிற இன்னொரு ஆள் லேப் அட்டெண்டர் சொரிமுத்து மட்டும்தான். புதுத் துறைமுகத்துக்கு வரும் லாரிகளின் பேட்டரிக்கு விற்கிறார் போலும்! சொரிமுத்துவின் வேலைக்கு உலை வைக்கும்படி பிரின்ஸ்பாலுக்குப் புகார் எழுதிப் பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் சொரிமுத்துவின் சைக்கிள் கேரியரில் ஒரு பாட்டில் இருந்தது. கிருபாநிதியும் சைக்கிளில் பின்தொடர்ந்தார்.

சைக்கிள் துறைமுகம் பக்கம் திரும்பவில்லை. நேராகப் போய் கிருபாநிதியின் வீட்டு வாசலில் நின்றது. அவர் மனைவி இன்பமணி சிரித்த முகமாக வந்து பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

கிருபாநிதி பாய்ந்து வந்தார். சொரிமுத்து முந்திக்கொண்டார்.

"அம்மாவை ஒண்ணும் சொல்லாதீய சார். பருப்பு வேகலைன்னு நீங்க தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டீயளாமே. மறுநா டிபன் கேரியர் வாங்க வந்தேன், அழுதுக்கிட்டு இருந்தாவ. லேப்ல மிச்சத் தண்ணின்னு சொல்லி நாந்தான் சமையலுக்குக் கொண்டாந்து கொடுத்தேன். குறைஞ்சதுக்குக் கிணத்துத் தண்ணிய ஊத்திட்டேன். தப்பு எம்மேலதான்."

மூன்று மாதமாகத்தான் 'இப்பத்தான் சமைக்கக் கத்திருக்கே' என்று மெச்சி மெச்சிச் சாப்பிட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் கிருபாநிதிக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. புகாரை எடுத்து நாலாகக் கிழித்துப் போட்டார்.

இன்பமணி பாட்டிலைக் கணவரிடம் நீட்டினாள்.

"தண்ணியில உப்பு இருந்தா என்ன ஆகும்னு ரெண்டு வருஷமா படிக்கீய. பருப்பு வேகாதுங்கிறது மட்டும் சொரிமுத்து அண்ணாச்சிக்குத்தான் தெரிஞ்சிருக்கு!"