இடுப்பில் இருந்த செம்பு

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது அவனுடைய தாயத்து.

அவனுடையது என்று அந்த ஸ்வீடன் அருங்காட்சியகத்தில் இப்போது யாருக்கும் தெரியாது.

பாதி விரல் நீளம். செம்புக் குழல். இரண்டு பக்கமும் மூடி.

கைக்குழந்தையாக இந்த நாட்டில் வந்து இறங்கியபோது, துணியைத் தவிர அவன் உடம்பில் இருந்தது அது ஒன்றுதான். தொலைந்துவிடக் கூடாதே என்று வளர்த்தவர்கள் இங்கே கொடுத்து வைத்தார்கள். நல்லவர்கள். நல்லவர்கள் செய்கிற காரியத்தை யாரிடம் போய்ச் சொல்ல!

பிறந்த அன்றே அநாதை இல்லத்து வாசலில் கிடந்த பிள்ளை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. தாயத்தை இல்லத்து ஆயா யாராவது கட்டியிருப்பாள் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

அவனும் நம்பினான். ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள மனம் வராத ஒருத்தியின் மகன். நாற்பது வயதிலும் அது, சோற்றில் கல் கடிபடுவதுபோல, மறந்திருக்கும் நேரத்தில் வந்து வலித்தது.

பக்கத்தில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். சேலைக்கு மேல் கனத்த கோட்டு போட்ட ஓர் அம்மா. இந்த ஊரில் வேலை பார்க்கும் அவளுடைய மகள்.

மகள் குறிப்பு அட்டையை வாசித்துத் தமிழில் சொன்னாள். தமிழ்நாடு. செம்பு. உள்ளே காய்ந்த ஏதோ ஒரு பொருள், என்னவென்று தெரியவில்லை.

அம்மா சிரித்துவிட்டாள்.

“என்னன்னு தெரியலையாமா? ஏட்டி கோமு, பிள்ளையோட தொப்புள்கொடில்லா அது! காஞ்சு விழுந்ததும் எடுத்து வச்சு, தாயத்துல அடைச்சு இடுப்புல கட்டுவோம். ஒங்க அண்ணனுக்குக் கட்டலியா?”

அவனுக்குச் சிரிப்பு மட்டும்தான் விளங்கியது. என்ன சொல்கிறார்கள் என்று கேட்டான். கோமு ஸ்வீடிஷில் சொன்னாள்.

அவன் கண்ணாடிக்கு இன்னும் நெருங்கிக் குழலைப் பார்த்தான்.

கொடி விழ எத்தனை நாளாகும் என்று கேட்டான்.

“ஒரு வாரம், பத்து நாளு ஆவும் தம்பி.”

ஒரு வாரம்!

ஒரு வாரம் பெற்றவளிடம் இருந்திருக்கிறான். பால் குடித்திருக்கிறான். சந்தோஷமாக இருந்தது. யார் பார்த்தால் என்ன என்கிற சந்தோஷம்.

யார் கட்டுவார்கள், அம்மாவா? ஆமாம் என்ற பதிலுக்காகக் காத்திருந்தான்.

“அம்மை எதுக்குக் கட்டப்போறா? அத்தக்காரி வந்து கட்டுவா. மாமன், தாத்தா, சித்தின்னு வீடு கொள்ளாம ஆளு நிக்கும். பேரு வச்ச கையோட கட்டுறதுதான்.”

கோமு சிரித்தபடியே மொழிபெயர்த்தாள்.

அவன் சிரிக்கவில்லை.

இத்தனை வருடமும் அவன் நினைப்பில் ஒருத்திதான் இருந்தாள். தனியாக வந்து, பிள்ளையைக் கிடத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனவள். அவளைத் திட்டியிருக்கிறான். மன்னித்தும் பார்த்திருக்கிறான்.

வீடு கொள்ளாத ஆட்கள்.

ஒரு பெயர்.

அத்தனை பேரும் சேர்ந்தா வந்து வாசலில் கிடத்திவிட்டுப் போயிருப்பார்கள்?

அவன் கோமுவிடம் திரும்பினான். குரல் நிதானமாகவே இருந்தது.

“உங்கள் ஊரில் பிள்ளையைக் காணோம் என்றால் எங்கே போய்ச் சொல்வார்கள்? அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.”

“என்னட்டி கேக்காரு தம்பி?” என்றாள் அம்மா.

கோமு கண்ணாடிக்குள் இருந்த தாயத்தைப் பார்த்தாள்; பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.