கடைசி இடத்து அக்கா

"கடைசி இடத்துல இருக்கிறவங்களை இன்னிக்கே அனுப்பிடுங்க. சாக்குப்போக்கெல்லாம் வேண்டாம்" என்று போனை வைத்துவிட்டார் முதலாளி.

மேனேஜருக்கும் அதில் வருத்தமில்லை.

வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவு அது. பேசி முடித்ததும் வாடிக்கையாளர் நட்சத்திரம் கொடுப்பார். மற்றவர்களுக்கு நாலும் ஐந்துமாகக் கொட்டும். 'அக்கா' என்று எல்லாரும் கூப்பிடுகிற அவளுக்கு மட்டும் ஒன்றைத் தாண்டினால் பெரிய விஷயம். இந்த லட்சணத்தில் எந்நேரமும் சிரிப்பு வேறு!

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டு அனுப்பிவிடலாம் என்று அவள் மேஜைக்குப் போனார்.

அதற்குள் பக்கத்து மேஜைப் பெண் பேனாவால் மேஜையைத் தட்டினாள். நட்சத்திரத்தில் முதலிடம் அவளுக்குத்தான். இப்போதோ உதடு துடிக்க, கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள்.

அக்கா ஒரு பொத்தானை அமுக்கி, அந்த லைனைத் தன் காதுக்கு வாங்கிக்கொண்டாள். எதிர்முனை வசவு மேனேஜருக்கே கேட்டது.

"ஆமா சார், மூணு தடவை ஆள் வந்தும் சரியாகலைன்னா யாருக்குத்தான் கோவம் வராது? நல்லா திட்டிட்டு சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

மெல்லச் சுருதி இறங்கியது. காலையில் ஆள் அனுப்புவதாகப் பேச்சு முடிந்தது. ஆனாலும் அந்த மனிதர் ஒற்றை நட்சத்திரத்தை வீசிவிட்டுத்தான் வைத்தார். அது அக்கா பேரில் ஏறியது.

பின்வரிசையில் இன்னொரு பேனா தட்டியது. அந்த வசவையும் அக்கா வாங்கிக்கொண்டாள்.

இந்தத் தட்டலை விளையாட்டு என்றல்லவா மேனேஜர் நினைத்திருந்தார்!

"உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

"எனக்குத் திட்டு ஒட்டாது சார். முகம் தெரியாதவங்க மெஷினைத் திட்டுறாங்க, எனக்கென்ன? இந்தப் பிள்ளைங்களுக்குத்தான் வீட்டுக்குப் போனாலும் சோறு இறங்காது."

"கடைசியா பேசினவங்க பேர்லதான் நட்சத்திரம் ஏறும். தெரியுமா?"

"தெரியும் சார்." குரலைத் தாழ்த்தினாள். "அதுங்களுக்குத்தான் தெரியாது. மாத்திவிட்ட லைனுக்கு நட்சத்திரமே கிடையாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். காட்டிக் குடுத்துடாதீங்க, அப்புறம் என்கிட்ட தள்ள மாட்டாங்க."

"உங்க வேலையே போகப் போகுதும்மா!"

அக்காவின் சிரிப்பு ஒரு கணம் நின்றது. "வீட்டுல என் சம்பளம் மட்டும்தான் சார்..." என்றவள், அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

மேனேஜரின் போன் அடித்தது. முதலாளி. "அனுப்பியாச்சா?"

"இல்லை சார். இவங்களை அனுப்பினா மொத்த ஆபீஸும் கடைசி இடத்துக்கு வந்துடும். நான் அனுப்ப மாட்டேன்."

எதிர்முனை வெடித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக முதலாளியை எதிர்த்துப் பேசிய மேனேஜர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார்.

அக்கா கையை நீட்டினாள்.

"ரொம்பக் கோவமா இருக்காரா சார்? இங்க குடுங்க, நான் பேசுறேன்."